ஹேவ்லாக்கில் டைவிங் போகிறீர்களா? கரையில் இருக்கும் நேரத்தையும் கொஞ்சம் யோசித்து வையுங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் 5 நாளில் எத்தனை டைவ், எந்த ஸ்பாட், சொந்த மாஸ்க் கொண்டு போவதா வாடகைக்கு எடுப்பதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், ஆனால் காலை 6 மணிக்குக் கிளம்பிய படகு 11, 12 மணிக்கெல்லாம் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுமே, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. முதல் தடவை போனபோது இரண்டு மதியங்கள் அப்படியே தூங்கிப் போயின. எழுந்து வெளியே வந்து பார்த்தால் இருட்டு, மணி ஐந்தரைதான்.

இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். அந்தமானிலும் நம்ம ஊர் கடிகாரம்தான், ஆனால் தீவு இருப்பது கிட்டத்தட்ட 93 டிகிரி கிழக்கில், பர்மாவுக்குப் பக்கத்தில். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் 5 மணி சுமாருக்கே விடிந்துவிடும், டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அதாவது டைவ் முடித்து, குளித்து, சாப்பிட்டு நிமிர்ந்த பிறகு உங்கள் கையில் இருக்கும் பகல் வெளிச்சம் 3 மணி நேரம்தான். ஒரு மதியத்துக்கு ஒரு இடம், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். டைவ் முடித்தபின் தூக்கம் கண்ணைச் சொருகும், தூங்கலாம், தப்பில்லை, ஆனால் போனில் 2 மணிக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

கரைக்கு வந்த உடனே செய்யக்கூடாதவை சில உண்டு. ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும் நேரம் அது, அது குமிழியாகிவிட்டால் வலியும் ஆபத்தும், ஓட்டம், ஜிம், மூச்சு வாங்க மேடு ஏறுவது எல்லாம் அன்றைக்கு வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியலும் வேண்டாம். அழுத்திப் பிடிக்கும் மசாஜும் வேண்டாம், பிறகு தோள் வலித்தால் அது மசாஜ் வலியா, டைவிங்கால் வந்த வலியா என்று குழம்பிப் போவீர்கள். பீர் மாலைக்கு இருக்கட்டும், முதலில் இளநீர். அப்புறம் காது: நல்ல தண்ணீர் விட்டு அலசி, தலையைச் சாய்த்து வடியவிட்டு, துண்டால் வெளிப்புறம் மட்டும் துடையுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுக் குடைந்தவர்கள்தான் மூன்றாம் நாள் காது வலியோடு படகுக்குக் கையசைத்துக்கொண்டு கரையில் நிற்பார்கள்.

சரி, எங்கே போவது.

இந்தத் தீவில் கடற்கரைகளுக்குப் பெயரைவிட எண்தான் பிரபலம், 3-ஆம் நம்பர், 5-ஆம் நம்பர், 7-ஆம் நம்பர் என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்லவேண்டும். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களைக் குடியேற்றிய ஊர்கள் இவை, பெயர்களைப் பாருங்கள்: கோவிந்த நகர், விஜய நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர். 2018 டிசம்பரில் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என்று மாறியது, டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும், பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்.

டைவிங் விடுதிகள் பலவும் 3-க்கும் 5-க்கும் நடுவே கிழக்குக் கரையில் இருக்கின்றன, அதனால் உங்கள் முதல் மதியத்துக்கு ஸ்கூட்டரே தேவையில்லை. 5-ஆம் நம்பரில், அதாவது விஜய நகரில், கடல் உள்வாங்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பலர் இந்தக் கரையைப் பார்த்து, 'என்னப்பா தண்ணியே இல்லை' என்று முகம் சுளித்துவிட்டு ராதா நகருக்கு வண்டி பிடிப்பார்கள், எனக்கோ தீவிலேயே பிடித்த இடம் இதுதான். மரப் படகுகள் மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கும், நேற்று முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் குட்டிக் குட்டிக் குட்டைகளாகத் தேங்கிக் கிடக்கும். ஒரு குட்டையைத் தேர்ந்தெடுத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து 10 நிமிடம் ஆடாமல் பாருங்கள். முதல் 2 நிமிடம் ஒன்றுமே இருக்காது. பிறகு கடல் அட்டை ஒன்று மணலை வாயில் வாங்கிப் பின்னால் தள்ளிக்கொண்டு நகர்வது தெரியும், கல்லுக்கடியிலிருந்து உடைநட்சத்திர மீனின் மெல்லிய கை ஒன்று நெளிந்து வரும்.

சந்நியாசி நண்டு வீடு மாறுவதை அங்கேதான் பார்த்தேன். இருந்த சங்கு போதவில்லை போல, காலியாகக் கிடந்த இன்னொன்றின் வாயில் கொடுக்கை விட்டுத் துழாவியது, உருட்டியது, திருப்பிப் போட்டது, மறுபடி துழாவியது, வாடகை வீடு பார்க்க வந்தவர் குழாயைத் திறந்து பார்ப்பாரே அதே மாதிரி. திருப்தி வந்ததும் பழைய சங்கிலிருந்து சட்டென்று வெளியே வந்தது. அதன் பின்னுடம்பு இவ்வளவு வெளிறி, இவ்வளவு மெத்தென்று, ஒரு பக்கமாகச் சுருண்டு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு நொடிதான், புதிய சங்குக்குள் பின்பக்கமாக நுழைந்துவிட்டது. அதற்குப் பிறகு கரையில் கிடக்கும் காலிச் சங்கு எதையும் எடுக்க எனக்குக் கை வருவதில்லை.

வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நன்றாக உள்வாங்கும். டைவ் கடையிலேயே அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அது மனப்பாடம். வெறுங்காலோடு மட்டும் இறங்காதீர்கள். விஷ முள்ளுள்ள கல்மீன் கல்லைப் போலவே இருக்கும், கடல் முள்ளெலிகளும் உண்டு. டைவிங் பூட்ஸ் உங்களிடம் இருக்கும் அல்லவா, அதையே போட்டுக்கொண்டு போகலாம். பவளத்தின் மேல் மிதிக்காமல் மணல் பார்த்துக் கால் வையுங்கள்.

ராதா நகர், அதாவது 7-ஆம் நம்பர், மேற்குக் கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிவிட்டது, 2020-ல் சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழும் வந்தது, அதனால் கூட்டம் இருக்கும். இருந்தாலும் போங்கள். கரைக்குப் பின்னால் ஓங்கி நிற்கும் கடல் மகுவா மரங்களுக்காகவே போகலாம். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து 12 கிலோமீட்டர் வாக்கில் வரும். வாடகை ஸ்கூட்டர் சுலபமாகக் கிடைக்கும், பிரேக்கையும் முகப்பு விளக்கையும் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள், திரும்பும் பாதையில் மேடும் வளைவும் உண்டு, தெருவிளக்கை நம்ப முடியாது, நாய்களும் மாடுகளும் நடு ரோட்டில்தான் படுத்திருக்கும். நான் எடுத்த வண்டியின் விளக்கு மின்மினி அளவுக்குத்தான் எரிந்தது, போன் டார்ச்சைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு 15 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டி வந்தேன். அரசுப் பேருந்தும் ஓடுகிறது, கடைசி வண்டி எப்போது என்று போகும்போதே கேட்டுவிடுங்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உவர்நீர் முதலை இந்தத் தீவுகளில் நிஜமாகவே இருக்கிறது, 2010-ல் ராதா நகரை ஒட்டிய சின்ன வளைகுடாவில் ஸ்நார்க்கல் செய்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி உயிரிழந்தார். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் குளியுங்கள், ஓடைகள் கடலில் கலக்கும் வாயிலும் சுரபுன்னைப் புதர் ஓரத்திலும் இறங்கவே வேண்டாம்.

எலிஃபண்ட் பீச்சுக்குக் காட்டு வழியாக நடந்து போவது டைவ் இல்லாத நாளுக்கான வேலை. ஜெட்டியிலிருந்து ராதா நகர் போகும் சாலையில் நடுவே இறங்கி 2 கிலோமீட்டர் போல நடக்கவேண்டும். முதலில் அடர்ந்த காடு, வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக, மழை பெய்திருந்தால் வழுக்கும் சேறு, அட்டையும் ஏறும். கடைசிப் பகுதியில் சுரபுன்னையும், 2004 சுனாமிக்குப் பிறகு பட்டுப்போய் வெளுத்துச் சாய்ந்து கிடக்கும் பெரிய மரங்களும். பாதை அன்றைக்குத் திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா, கடல் ஏறும் நேரம் எது, மூன்றையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். யானை இருக்குமா என்று குழந்தைகள் கேட்பார்கள். இருக்காது. ஒருகாலத்தில் மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் இந்தத் தீவுகளில் நிறைய இருந்தன, அதில் கடலில் நீந்திப் பேர் வாங்கிய ராஜன் என்ற யானை 2016-ல் ஹேவ்லாக்கில்தான் இறந்தது. ராஜனைப் பார்த்த ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், டீக்கடையில் பேச்சைத் தொடங்கினால் போதும்.

பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது, டைவ் கடையில் வேலை செய்கிறவர்களோடு ஒரு மதியம் சும்மா உட்காருங்கள். இங்கே டைவிங் வளர்ந்ததில் கரேன் மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1925-ல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள், மூச்சடக்கி முங்குவதில் கெட்டிக்காரர்கள். டிக்சன்ஸ் பினகிள், ஜானிஸ் கார்ஜ் என்று நீங்கள் காலையில் இறங்கிய ஸ்பாட்டுகளுக்குப் பெயர் வந்தது அப்படிப்பட்ட முங்குகாரர்களால்தான். டைவ் விவரங்களை எழுதி வைக்கும் லாக் புக்கைக் கையோடு கொண்டு போங்கள். 'மஞ்சளாக, வாலில் கறுப்புப் புள்ளியோடு ஒன்று பார்த்தேன்' என்று நீங்கள் இழுத்தால் போதும், பெயரைச் சொல்லி, அது எந்தப் பாறைக்குப் பின்னால் குடியிருக்கிறது என்றும் சொல்வார்கள். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு நாள் மீன்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஒரு தடவையாவது விடுதியை விட்டு வெளியே வந்து 3-ஆம் நம்பர் பஜாருக்குப் போங்கள். வங்காளிச் சமையல், கடுகெண்ணெய் வாசனை தெருவுக்கே வரும். சோறு, பருப்பு, ஏதாவது ஒரு பொரியல், மஞ்சளாக நீர்க்க ஒரு மீன் குழம்பு, அதில் பெரிய உருளைக்கிழங்குத் துண்டு. நம்ம நாக்குக்குப் புளி இல்லாதது முதல் கவளத்தில் உறுத்தும், மூன்றாவது கவளத்தில் மறந்துவிடும். மாலையில் காகிதப் பொட்டலத்தில் ஜால்முரி என்ற காரப் பொரி, சிங்காரா என்ற வங்காளிச் சமோசா. மீன் கேட்கும்போது சூரையோ வஞ்சரமோ கேளுங்கள். காலையில் கண் எதிரே பவளத்தைக் கடுக் கடுக்கென்று கொறித்துக்கொண்டிருந்த கிளிமீனை மதியம் தட்டில் கேட்பது எனக்கு ஒப்பவில்லை, அவரவர் விருப்பம். பணம் நோட்டாகக் கொஞ்சம் வைத்திருங்கள். 2020-ல் கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேவலை, ஆனாலும் பில் கட்டும் நேரம் பார்த்து அது படுத்துக்கொள்ளும்.

சாயங்காலம் மணலில் துண்டை விரித்துப் படுக்காதீர்கள், மணல் ஈ கடிக்கும். கடிக்கும்போது தெரியவே தெரியாது, மறுநாள் முழங்காலுக்குக் கீழே சிவந்து, ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியும் சொறிந்துகொண்டிருப்பீர்கள். முழுக்கால் பேண்ட்டும், காலில் தேங்காய் எண்ணெயும் ஓரளவு காப்பாற்றும். தென்னைக்கு அடியில் ஊஞ்சல் கட்டியிருந்தால் ஒரு தரம் மேலே பார்த்துவிட்டு உட்காருங்கள்.

உங்கள் பயணம் அமாவாசையை ஒட்டி வந்தால் அதிர்ஷ்டம். இருட்டியதும் சுரபுன்னைக் காட்டோரம் கயாக்கில் கூட்டிப் போகிறார்கள், கரைச் சமாச்சாரம் இல்லைதான், ஆனால் டைவிங்கும் இல்லை, சேர்த்துக்கொள்ளலாம். துடுப்பை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்குள் நீலமாகப் பொறி பறக்கும், கையை விட்டுக் கலக்கினால் விரல்களைச் சுற்றி மினுங்கும், எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. நிலா இருந்தால் ஒன்றும் தெரியாது, அமாவாசைக்கு 4, 5 நாள் முன்பின்னாகப் போங்கள். போனை அணைத்து உள்ளே வைத்துவிடுங்கள், ஒருவர் திரையைத் தட்டினாலும் எல்லோருடைய கண்ணும் மறுபடி முதலிலிருந்து இருட்டுக்குப் பழகவேண்டும். முதலை விஷயம் மேலே சொன்னேன், வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகாதீர்கள்.

கூட வரும் வீட்டுக்காரருக்கோ அம்மாவுக்கோ டைவிங் வேண்டாம் என்றால், அவர்களைக் காலை முழுக்க விடுதியில் உட்கார வைத்துவிட்டு மதியம் நீங்கள் தூங்குவது பெரிய பாவம். விடியற்காலையில் காலாபத்தர் கடற்கரைக்கு அவர்களை ஒரு ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள், கிழக்குப் பார்த்த கரை, கறுப்புப் பாறைகள், அந்த நேரத்துக்கு ஆளே இருக்காது. நடுவில் ஒரு நாள் எல்லோருமாக நீல் தீவுக்கு (இப்போது ஷஹீத் த்வீப்) போய் வரலாம், சின்னத் தீவு, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ரோடு போகும். லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைக் கல்பாலத்துக்குக் கடல் வற்றிய நேரத்தில் மட்டும்தான் நடந்து போக முடியும், கப்பல் நேரத்தையும் வற்று நேரத்தையும் பொருத்திப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

இப்போது கடைசி நாள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் காலை வரை டைவ் என்று கணக்குப் போட்டு முன்பணம் கட்டிவிட்டு, அங்கே போனபிறகு படகில், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளிக் கணக்கைக் கேட்டு அசடு வழிந்து, ஒரு நாள் டைவை விட்டுக்கொடுத்தேன். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது இது: ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம், மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற நின்று வரும் டீகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதற்கும் மேல். பயிற்சியாளர்கள் பலர் 24 என்றே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், நானும் அப்படியே செய்கிறேன். கப்பலில் விமான நிலையம் இருக்கும் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) திரும்புவதில் சிக்கலே இல்லை, கடல் மட்டத்தில்தானே போகிறீர்கள். காற்றும் மழையும் வந்தால் கப்பல் ரத்தாகும் என்பதால் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேரில் இருப்பதுதான் புத்திசாலித்தனம், நைட்ரஜன் கணக்கும் அதோடு தீர்ந்துவிடும்.

அந்த ஒரு நாளை செல்லுலர் சிறைக்குக் கொடுங்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள், நடுக் கோபுரத்திலிருந்து 7 சிறகுகள், இப்போது மிஞ்சியிருப்பது 3. ஒரு சிறகின் அறைவாசல்கள் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம். ஓர் அறைக்குள் போய்க் கதவை லேசாகச் சாத்திக்கொண்டு நின்று பாருங்கள், தாழ்ப்பாள் கை எட்டாத தூரத்தில் சுவருக்குள் பதிந்திருக்கும். முற்றத்தில் எண்ணெய்ச் செக்கைப் பார்த்ததும் நம்ம ஊர் ஆட்கள் வ.உ.சி. இழுத்தது இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இல்லை, அது கோயம்புத்தூர் சிறை.

நேரம் மிஞ்சினால் எதிரே ராஸ் தீவு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப்), ஆலும் அரசும் வேரை இறக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர் கட்டடங்கள், கூச்சமே இல்லாமல் பக்கத்தில் வரும் புள்ளிமான்கள். கடற்படை நடத்தும் சமுத்ரிகா அருங்காட்சியகத்துக்கு டைவ் செய்தவர்கள் கட்டாயம் போகவேண்டும், வாசலிலேயே நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு நிற்கும், உள்ளே பவளங்களுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமையில் அருங்காட்சியகங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். மவுண்ட் ஹேரியட் (இப்போது மவுண்ட் மணிப்பூர்) 400 மீட்டருக்குள்தான், வண்டியிலேயே போகலாம், கவலை இல்லை. வடக்கே திக்லிப்பூரின் சேடில் பீக் 732 மீட்டர், மூச்சு முட்டும் ஏற்றம், அதை டைவுக்கு அடுத்து வைக்காமல் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு எல்லா ஏஜென்டும் உங்களைத் தள்ளப் பார்ப்பார்கள். சாலை வழி ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது, வண்டிகளைக் கான்வாயாக அனுப்புகிறார்கள், நிற்கவோ படம் எடுக்கவோ கூடாது. கூட வருகிறவர்கள் குகைக்காகவா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்? நான் போகவில்லை. அந்த மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் போர்ட் பிளேரிலேயே மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது.

சங்கு, பவளத் துண்டு எதையும் பைக்குள் போடாதீர்கள், பவளம் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும். நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அரசின் சாகரிகா கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

இன்னொன்று, சொந்த கியர் வைத்திருப்பவர்களுக்கு. கடைசி டைவ் முடிந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, அன்று மதியமே நிழலில் காயப்போட்டுவிடுங்கள். அந்தமான் காற்றில் ஈரம் அதிகம், வெட்சூட் ஒரு நாளில் காயாது, ஈரத்தோடு மூட்டை கட்டினால் விமான நிலையத்தில் எடைக்குக் காசு, வீட்டுக்கு வந்து திறந்தால் நாற்றம். வீட்டிலிருந்தே 5 மீட்டர் நைலான் கயிறும் நாலு துணிக் கிளிப்பும் கொண்டுபோங்கள், விடுதியில் கேட்டால் ஒன்றரைக் கிளிப்தான் கிடைக்கும்.